தக்காளி பழமா, காயா? – ஒரு பழைய மெஸ் கணக்கு

(பி.எஸ்ஸி. தாவரவியல், 1972–75)

மலர்க்குழுவினர் போன் செய்து, "நீங்க பாட்டனி ஆளு, சுங்க இலாகாவிலும் இருந்தவரு, மலருக்கு ஏதாவது ஒண்ணு எழுதித் தாங்க சார்" என்று கேட்டார்கள். கல்லூரி நினைவுகள் என்றதும் எல்லாரும் எழுதுகிற வேப்பமரமும் கேண்டீன் டீயும் எனக்கும் ஞாபகம் வந்தன. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றது தக்காளி. சிரிக்காதீர்கள். இந்தத் தக்காளியில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் சரித்திரமும் உண்டு.

1973ஆம் வருஷம். நான் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஹாஸ்டலில் அப்போது 'டிவைடிங் சிஸ்டம்'. மாதச் செலவை மாணவர் தலைக்கு வகுத்து மெஸ் பில் போடுவார்கள். மாதம் ஒரு மாணவர் மெஸ் பிரதிநிதி. கணக்கு நோட்டு அவர் கையில். அந்த மாதம் நான். மார்க்கெட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருபவர் சமையல் மாஸ்டர். அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, காய்கறி, பழம் என்று தனித்தனிப் பத்திகள். பழத்துக்கு மட்டும் ஓர் உச்சவரம்பு உண்டு: மாதம் 50 ரூபாய். அதற்கு மேல் வார்டன் அனுமதி இல்லாமல் வாங்கினால், வாங்கியவர் பொறுப்பு.

அந்த வாரம்தான் வகுப்பில் கனிகளின் வகைகள் பாடம் நடந்திருந்தது. பூவின் சூலகம் வளர்ந்து, விதைகளை உள்ளே வைத்துக்கொண்டு முதிர்வதுதான் கனி. தோல் மெலிதாக, உள்ளே முழுவதும் சதையாக இருந்தால் அது 'பெர்ரி'. பேராசிரியர் ஒரு தக்காளியைக் குறுக்கே வெட்டி, அறைகளையும் விதைகளையும் காட்டி, "இதுதான் பெர்ரிக்கு முதல் உதாரணம், ரெக்கார்டில் வரையுங்கள்" என்றார். வரைந்தேன். அன்று சாயந்தரமே மெஸ் நோட்டிலும் என் புலமையைக் காட்டினேன். மாஸ்டர் காய்கறியில் சொல்லியிருந்த தக்காளியை எல்லாம் அடித்துவிட்டு, 'பழம்' பத்திக்கு மாற்றி எழுதினேன்.

மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பழம்னா இலையில தனியா வைக்கிறது. இது ரசத்துல கரைஞ்சு போறது. இதை எப்படிப் பழத்துல எழுதுவீங்க?"

நான் ரெக்கார்ட் நோட்டைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் வாழைப்பழம் 29 ரூபாய், தக்காளி 39 ரூபாய். ஆக 68. உச்சவரம்புக்கு மேல் 18 ரூபாய். வார்டன் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, கூட்டுத்தொகையைத்தான் பார்த்தார். "யாரைக் கேட்டுய்யா இவ்வளவு பழம் வாங்கினே?" என்று சத்தம் போட்டு, அந்த 18 ரூபாயை மாஸ்டர் சம்பளத்தில் பிடித்தார். அவர் சம்பளத்தில் அது ஏழில் ஒரு பங்கு. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் தக்காளி காய்கறி என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டுமே!

இது நிற்க.

நியூயார்க் துறைமுகத்தில் அதே சண்டை

படிப்பு முடிந்து, பரீட்சை எழுதி, சுங்க இலாகாவில் சேர்ந்தேன். எந்தச் சரக்கு எந்த வரித்தலைப்பில் வரும் என்பதுதான் அந்த வேலையின் உயிர்நாடி. பயிற்சியின்போது ஒரு மூத்த அதிகாரி, "அமெரிக்காவில் ஒரு தக்காளி வழக்கு உண்டு, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

வழக்கின் பெயர் நிக்ஸ் எதிர் ஹெடன். ஜான் நிக்ஸும் அவர் குடும்பத்தாரும் நியூயார்க்கில் காய்கனி வியாபாரிகள். எட்வர்ட் ஹெடன் அந்தத் துறைமுகத்தின் சுங்க வசூல் அதிகாரி. 1883 மார்ச் 3ஆம் தேதிச் சுங்கவரிச் சட்டப்படி, காய்கறி இறக்குமதிக்கு 10 சதவீதம் வரி. பழத்துக்கு வரி கிடையாது. 1886 வசந்த காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த தக்காளிக்கு ஹெடன், 'இது காய்கறி' என்று வரி போட்டார். நிக்ஸ் ஆட்சேபணையோடு பணத்தைக் கட்டிவிட்டு, 1887 பிப்ரவரியில் அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்கு நடந்த விதம் வேடிக்கையானது. நிக்ஸின் வக்கீல் அகராதிகளைத் திறந்து 'பழம்', 'காய்கறி', 'தக்காளி' மூன்றுக்கும் பொருள் வாசித்தார். முப்பது வருஷம் காய்கனி விற்ற இரண்டு பேரைக் கூண்டில் ஏற்றி, "வியாபாரத்தில் இந்தச் சொற்களுக்குத் தனி அர்த்தம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். அப்படித் தனி அர்த்தம் இருப்பதாக இருவர் சாட்சியிலிருந்தும் எதுவும் தேறவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? அவரும் அகராதியைத் திறந்து பட்டாணி, கத்தரிக்காய், வெள்ளரி, பூசணி வகை, மிளகாய் என்று வாசித்தார். இவையும் விதை உள்ள கனிகள்தானே, இவற்றை யார் பழம் என்பார்கள் என்பது அவர் வாதம். உடனே நிக்ஸ் தரப்பு உருளைக்கிழங்கு, டர்னிப், காலிஃபிளவர், முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் என்று பதிலுக்கு வாசித்தது. ஒரு காய்கறிச் சந்தையே அகராதிக்குள்ளிருந்து கோர்ட்டுக்கு வந்துவிட்டது!

கீழ்க்கோர்ட்டில் ஹெடன் ஜெயித்தார். மேல்முறையீடு அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1893 மே 10ஆம் தேதி நீதிபதி ஹொரேஸ் கிரே தீர்ப்பை எழுதினார். மற்ற நீதிபதிகள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சாரம் இதுதான். தாவரவியல்படி தக்காளி ஒரு கொடியின் கனி, அதில் சந்தேகமில்லை. வெள்ளரியும் பீன்ஸும் பட்டாணியும்கூட அப்படித்தான். ஆனால் விற்பவரானாலும் வாங்குபவரானாலும், ஜனங்களுடைய சாதாரணப் பேச்சில் இவை எல்லாம் காய்கறி. வீட்டுத் தோட்டத்தில் விளைந்து, பிரதான சாப்பாட்டில் சூப், மீன், இறைச்சி இவற்றோடு சேர்ந்து வருபவை. பழத்தைப்போலச் சாப்பாடு முடிந்தபின் இனிப்பாகத் தனியே வைக்கப்படுபவை அல்ல. சட்டத்தில் உள்ள சொல்லுக்கு வேறு விசேஷ அர்த்தம் நிரூபிக்கப்படாதவரை, ஜனங்கள் சொல்லும் அர்த்தமே அர்த்தம். அகராதி கோர்ட்டின் ஞாபகத்துக்கு உதவும், சாட்சி ஆகாது.

அந்த அதிகாரி இதைச் சொல்லி முடித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. 'பழம்னா இலையில தனியா வைக்கிறது' – எங்கள் மாஸ்டர் அடுப்படி வாசலில் நின்று சொன்னதும் இதுதானே? ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து சொன்னதை அவர் கையில் கரண்டியோடு ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான்தான் ரெக்கார்ட் நோட்டைக் காட்டினேன்.

நம் நாட்டிலும் இதே ரீதியில் ஒரு தீர்ப்பு உண்டு. அகோலாவைச் சேர்ந்த ஒரு வெற்றிலை வியாபாரி, வெற்றிலையும் தாவரம்தானே, காய்கறிக்கு உள்ள விற்பனை வரிவிலக்கு அதற்கும் வேண்டும் என்று கேட்டார். 1961இல் நமது உச்ச நீதிமன்றம் மறுத்தது. தாவரவியல் அர்த்தம் வேண்டாம், வழக்கில் மக்கள் சொல்வது எதுவோ அதுவே அர்த்தம். வெற்றிலையை யாரும் காய்கறி என்று சொல்வதில்லை என்றது. அடுத்த வருஷமே கரும்பும் பச்சைக் காய்கறி அல்ல என்று இன்னொரு தீர்ப்பு. சாம்பாருக்குக் காய் வாங்கி வா என்று அனுப்பினால் யாராவது வெற்றிலைக் கட்டோடு வருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். தீர்ப்பு சட்டென்று விளங்கும்.

தக்காளி வந்த வழி

சரி, இத்தனை வம்புக்கும் காரணமான தக்காளி எங்கிருந்து வந்தது? அதன் காட்டு உறவினர்கள் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பெரு, ஈக்வடார் பக்கம் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பழம் நம்மூர்ச் சுண்டைக்காய் அளவுதான். அது வடக்கே போய், மெக்ஸிகோவில் பெரிய பழமாகப் பயிராயிற்று. ஸ்பானியர்கள் 1521இல் அஸ்டெக்குகளின் தலைநகரைப் பிடித்தபோது அங்கே தக்காளி அன்றாடச் சமையல் பொருள். பெர்னார்டினோ தெ சாகூன் என்ற பாதிரியார் அந்த நூற்றாண்டில் அம்மக்களின் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தார். சந்தையில் விதவிதமான நிறத்திலும் அளவிலும் தக்காளி விற்றவர்களையும், மிளகாயோடு தக்காளி சேர்த்த குழம்புகளையும் அதில் காணலாம். அழுகினதையும் நசுங்கினதையும் தலையில் கட்டுகிற மோசமான வியாபாரியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நம்ம கடைத்தெரு மாதிரியே!

அம்மக்களின் நவாட்டல் மொழியில் 'தொமாட்டல்' என்பது சாறுள்ள உருண்டைக் கனிகளுக்குப் பொதுப்பெயர். தோலுறைக்குள் இருக்கும் ஒரு பச்சைக் கனி 'மில்தொமாட்டல்'. நாம் இன்று தக்காளி என்பது 'ஷிதொமாட்டல்'. இங்கே எனக்கு ஓர் ஆச்சரியம். தமிழிலும் அதே கதைதான். அமெரிக்கத் தக்காளி வருமுன்பே நம்மிடம் மணத்தக்காளி உண்டு. தோலுறையை நெற்றியில் அடித்துப் பிள்ளைகள் வெடிக்கிற சொடக்குத்தக்காளியும் உண்டு. மெக்ஸிகோவின் அந்தப் பச்சைக் கனிக்கு இது கிட்டத்துச் சொந்தம். புதிதாக வந்ததற்கு நம் முன்னோர் 'சீமைத்தக்காளி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு சீமை உதிர்ந்துபோய், வந்தவனே வீட்டுக்காரன் ஆகிவிட்டான்!

ஐரோப்பாவில் முதல் வரவேற்பு அவ்வளவு நன்றாக இல்லை. இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544இல் இதைக் கத்தரிக்காயோடு சேர்த்து வகைப்படுத்தி, அதைப்போலவே எண்ணெய், உப்பு, மிளகு போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினார். பத்து வருஷம் கழித்து அதற்குப் 'பொன் ஆப்பிள்' என்று பெயரும் தந்தார். கவனியுங்கள்: பெயர் பழத்தின் பெயர், சமையல் காய்கறிச் சமையல். வம்பு அன்றே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஜான் ஜெரார்ட் 1597இல் எழுதிய மூலிகை நூலில் அதன் வாடையே மோசம் என்று ஒதுக்கினார். பயத்துக்குக் காரணம் குடும்பப் பெயர். கத்தரி, மிளகாய், உருளை மட்டுமல்ல, ஊமத்தையும் பெல்லடோனாவும் அதே குடும்பம். விஷக்காரன் வீட்டுப் பிள்ளை என்று தள்ளி வைத்தார்கள். 1820இல் அமெரிக்காவில் ஸேலம் என்ற ஊரில் ஒருவர் கோர்ட்டு வாசலில் எல்லார் முன்னாலும் தக்காளி தின்று பயத்தைப் போக்கினார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சமையல் புத்தகத்தில் தக்காளி ஏறியது 1692இல். நேப்பிள்ஸில் அன்டோனியோ லத்தினி என்பவர், தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், வினிகர் சேர்த்து 'ஸ்பானிய முறைச் சாஸ்' செய்யச் சொல்கிறார். வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள. (நம் சுட்ட தக்காளித் துவையலுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?) பாஸ்தாவும் தக்காளியும் சேர ஏறக்குறைய இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1790இல் வந்த பிரான்செஸ்கோ லியோனார்டியின் நூலில்தான் அந்த ஜோடி காணப்படுகிறது. 1812இல் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மீஸ் தக்காளிக் கெச்சப்புக்குச் செய்முறை அச்சிட்டார்; 1876இல் ஹெயின்ஸ் கம்பெனி அதைப் பாட்டிலில் அடைத்து விற்றது. ஆக, ஹெடன் வரி போட்ட 1886இல் அமெரிக்கர்களுக்குத் தக்காளி என்றால் சாஸ், சூப், கெச்சப். நீதிபதி கிரே எழுதிய 'ஜனங்களின் பேச்சு' இந்த இருநூறு வருஷச் சமையலில் உருவானதுதான்.

அதே காலத்தில் நம் நாடு? ஜார்ஜ் வாட் தொகுத்த இந்தியப் பொருளாதாரத் தாவர அகராதி 1889 முதல் 1893 வரை வெளிவந்தது. தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்காகவே பயிராகிறது, நாட்டு மக்கள் இப்போதுதான் விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள், வங்காளிகளும் பர்மியர்களும் புளிக்குழம்பில் போடுகிறார்கள் என்று அதில் குறிப்பு இருக்கிறது. இன்றும் பல வீடுகளில் திவசச் சமையலில் தக்காளி சேர்ப்பதில்லை. நேற்று வந்த விருந்தாளி என்பதை அந்த ஒரு நாள் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். மற்ற 364 நாளும் தக்காளி இல்லாமல் நம் அடுப்பு எரிவதில்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே! வரிசையில் நின்றவர்கள் யாரும் அது பழமா காயா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்று கேள்வி, மூன்று பதில்

சரி, முடிவாக என்ன? தாவரவியலைக் கேட்டால் கனி. அதை ஒரு நாளும் மாற்ற முடியாது. நாக்கைக் கேட்டால் வேறு. 100 கிராம் தக்காளியில் சர்க்கரை 3 கிராமை ஒட்டித்தான். மாம்பழத்தில் அதைப்போல் நாலு மடங்குக்கு மேல். தக்காளியில் தூக்கலாக இருப்பது புளிப்பும், பழுக்கப் பழுக்கக் கூடும் குளூட்டமேட் என்ற சுவைப்பொருளும். உப்போடும் காரத்தோடும் சேர்வதற்கென்றே பிறந்தது மாதிரி.

சட்டத்தைக் கேட்டால், எந்தச் சட்டம் என்று திருப்பிக் கேட்கும். இன்று உலக நாடுகள் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் பச்சைத் தக்காளி 0702 என்ற தலைப்பில், காய்கறிகளுக்கான 7ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பழங்களுக்கு 8ஆம் அத்தியாயம். ('பச்சை' என்றால் பதப்படுத்தாதது, பழுத்ததும் அதில் அடக்கம்.) ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் வருஷ ஜாம் விதிகளில் தக்காளி பழம், காரட்டும் சர்க்கரைவள்ளியும்கூடப் பழம்! போர்ச்சுகல்காரர்கள் காரட்டில் ஜாம் செய்கிறார்கள், என்ன செய்வது! அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலமோ 1987இல் ஒரே தக்காளியை மாநிலப் பழமாகவும் மாநிலக் காய்கறியாகவும் அறிவித்துவிட்டது. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்கூட இவ்வளவு சாமர்த்தியமாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

நம் தமிழைக் கேட்டால் இந்தச் சண்டையே பாதி கரைந்துவிடும். காயும் பழமும் நமக்கு இரண்டு ஜாதி அல்ல, இரண்டு பருவம். மாங்காய்தான் மாம்பழம் ஆகிறது, வாழைக்காய்தான் வாழைப்பழம் ஆகிறது. 'தக்காளிப்பழம் ஒரு கிலோ' என்று காய்கறிக் கடையில்தான் கேட்கிறோம். கடைக்காரரும் சிரிக்காமல் நிறுத்துப் போடுகிறார். காய், பழம் என்பது முதிர்ச்சியைச் சொல்லும் சொல். காய்கறி என்பது அடுப்படியைச் சொல்லும் சொல். இரண்டும் ஒரே பொருளுக்குப் பொருந்தும். மாஸ்டருக்கு இது தெரியும். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியவில்லை.

மாணவச் செல்வங்களே, பாடப்புத்தகம் தப்பு என்று நான் சொல்லவில்லை. என் பேராசிரியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர் வகுப்பறையில் கேட்ட கேள்வி வேறு, மெஸ் நோட்டு கேட்ட கேள்வி வேறு. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை இன்னொரு கேள்வியின் மேல் ஒட்டினால், எங்கேயோ யாரோ ஒருவர் சம்பளத்தில் 18 ரூபாய் குறையும். சுங்க இலாகாவில் இருந்த காலம் முழுவதும், ஒரு சரக்குக்குத் தலைப்பு எழுதும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பயிற்சி முடிந்து லீவில் வந்தபோது ஹாஸ்டலுக்குப் போனேன், 18 ரூபாயைச் சட்டைப்பையில் தனியாக மடித்து வைத்துக்கொண்டு. மெஸ்ஸைக் கான்ட்ராக்டுக்கு விட்டிருந்தார்கள். மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பெயரைச் சொல்லி விசாரிக்கலாம் என்று யோசித்தபோதுதான் உறைத்தது, எனக்கு அவர் பெயரே தெரியாது. மூன்று வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். 'மாஸ்டர்' என்பதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.

1972–75 செட் நண்பர்களே, அதற்கு முன்னும் பின்னும் அந்த ஹாஸ்டலில் இருந்தவர்களே, உயரமாக, இடது புருவத்தில் வெட்டுத் தழும்போடு, தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு போட்டிருப்பாரே, அவருடைய பெயரோ ஊரோ பிள்ளைகள் விவரமோ யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து மலர்க்குழுவினரிடம் சொல்லுங்கள். அவர் இருந்தால் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள். 18 ரூபாயை வட்டியோடு கொடுத்துவிடலாம். அது பெரிய விஷயமில்லை. நோட்டில் அடித்ததைத் திருத்த வேண்டும்: தக்காளி, காய்கறிப் பத்தியில். அவர் சொன்னபடி.